பழைய கடிவாளம் வாங்குறது முதலீடா? நரி பரியான ஊர்ல இருந்து ஒரு கணக்கு

போன வீடியோல வாட்ச், ஸ்னீக்கர், பழைய நாணயம்னு "கலெக்‌ஷன்" பத்திப் பேசினோம். "ப்ரோ, நீங்க எதாவது சேர்த்திருக்கீங்களா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. கேமரா முன்னாடி சிரிச்சு மழுப்பிட்டேன். எழுத்துல மழுப்ப முடியல, அதனால இங்க சொல்லிடுறேன். நான் சேர்த்தது குதிரைக் கடிவாளம்.

சிரிச்சு முடிச்சாச்சா? சரி, மேல போவோம்.

என் சொந்த ஊர் அறந்தாங்கி பக்கம். எங்க தாத்தா ரயிலடியில குதிரை வண்டி ஓட்டினவர். அவர் காலத்துக் கடிவாளம் ஒண்ணு வீட்டு உத்தரத்துல ரொம்ப நாள் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. சென்னையில வேலைக்குச் சேர்ந்து மூணாவது வருஷம், ராத்திரி தூக்கம் வராம யூடியூப் பார்த்துக்கிட்டு இருந்தப்போ ஒரு அமெரிக்கக் கிழவர் குட்டிக்குதிரை பழக்குறதைப் பார்த்தேன். குதிரை வாயில இரும்பே இல்ல. மூக்குல ஒரு பின்னல் வளையம், அவ்வளவுதான். அவர் சுண்டு விரலை அசைச்சா குதிரை திரும்புது. அன்னைக்கு விழுந்தேன்.

அந்த வளையத்துக்குப் பேர் போசல். பதப்படுத்தாத பச்சைத்தோலை மெல்லிசா வார்ந்து, ஒரு உள்கருவைச் சுத்திப் பின்னுவாங்க. அதுல குதிரை மயிர்ல திரிச்ச ஒரு கயிறைக் கட்டுவாங்க, அது மெக்காத்தே. ரெண்டும் சேர்ந்தா ஹாக்கமோர். ஸ்பானிஷ்ல 'ஹாக்கிமா'ன்னு இருந்த சொல், இங்கிலீஷ்காரங்க வாயில புகுந்து இப்படி ஆச்சு. பழைய கலிஃபோர்னியாவுல மாடு மேய்ச்ச வக்கேரோக்கள், குதிரைக்குப் பல் விழுந்து முளைக்கிற வயசுல வாயில இரும்பு வைக்கவே மாட்டாங்களாம். முதல்ல ஹாக்கமோர், அப்புறம் ஹாக்கமோரும் வாய்க்கடிவாளமும் சேர்த்து, கடைசியாத்தான் தனி வாய்க்கடிவாளம். ஒரு குதிரை இந்தப் படியெல்லாம் ஏறி முடிக்க வருஷக்கணக்கா ஆகும்.

இந்தச் சாமான்களுக்குன்னே அமெரிக்காவுல ஒரு சேகரிப்பு உலகம் இருக்கு. நெவாடாவுல எல்கோங்கிற ஊர்ல கடை வச்சிருந்த ஜி.எஸ். கார்சியா, வெள்ளி பதிச்சுச் செஞ்ச கடிவாள இரும்புக்கும் குதிமுள்ளுக்கும் இன்னைக்கும் மவுசு. அவர் செஞ்ச ஒரு சேணம் 1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில தங்கப் பதக்கம் வாங்கியிருக்கு. லூயிஸ் ஒர்டேகான்னு ஒருத்தர் பச்சைத்தோல் பின்னுறதுல மன்னன். 1986-ல அமெரிக்க அரசோட கலை அமைப்பு அவருக்குத் தேசிய விருதே கொடுத்துச்சு. அவர் பின்னினதுன்னு நிரூபணமானா அதை ஒரு ஓவியத்துக்குச் சமமா மதிக்கிற ஆளுங்க இருக்காங்க.

எனக்கு அந்த 'ஓவியத்துக்குச் சமம்' மட்டும்தான் காதுல விழுந்துச்சு. 'நிரூபணமானா'ங்கிறது விழல.

27 மாசத்துல 19 பொருள் வாங்கினேன். பாதி வெளிநாட்டு ஏலத் தளங்கள்ல, மீதி நம்ம பக்கத்துப் பழம்பொருள் கடைகள்ல. மொத்தம் 3 லட்சத்து 40 ஆயிரம். அப்போ என் சம்பளம் பிடிச்சது போக 46,000. பெரும்பகுதி கிரெடிட் கார்டு, அதுலயும் பாதி இ.எம்.ஐ. மாசம் 5,000 போய்க்கிட்டிருந்த எஸ்.ஐ.பி.யை 'தற்காலிகமா' நிறுத்தினேன். யாராவது கேட்டா சொல்ல ஒரு வாக்கியம் தயாரா வச்சிருந்தேன்: "இது செலவு இல்ல மச்சி, ஆல்டர்நேட்டிவ் இன்வெஸ்ட்மென்ட்."

இந்தப் பதிவுல எனக்குச் சண்டை அந்த வாக்கியத்தோடதான். ஆசைப்பட்டு ஒரு பொருளை வாங்குறதுல எனக்குப் புகாரே இல்ல. சம்பாதிக்கிறோம், வாங்குறோம். ஆனா ஆசைக்கு 'முதலீடு'ன்னு பேர் வச்ச உடனே அதுக்கு எல்லையே இல்லாமப் போயிடுது. சினிமாவுக்கு மாசம் 3 லட்சம் எவனாவது செலவு பண்ணுவானா? 'முதலீடு'ன்னு சொல்லிப் பாருங்க, கடன் வாங்கியாவது போடுவான்.

ரெண்டு மடங்கானாத்தான் போட்ட காசு

எனக்குக் கணக்கு தெரியாதுன்னு இல்ல, போட்டுப் பார்க்கல. இப்போ போடுவோம். ஒரு பழைய போசல், தலைவாரோட, 20,000 ரூபாய்க்குச் சமமான டாலர் விலையில கிடைக்குதுன்னு வச்சுக்குங்க.

அனுப்புற கூலி 4,000. கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 3.5% மார்க்-அப், அதுக்கு மேல ஜி.எஸ்.டி., சேர்த்து கிட்டத்தட்ட 1,000. சுங்க வரி பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், கணக்குக்காக 7,000னு வைப்போம். வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது 32,000 ஆயிடுச்சு. இன்னும் பார்சலே பிரிக்கல.

இதை விக்கணும்னா? புதுக்கோட்டையில யாரு வாங்குவா? புதுக்கோட்டையை விடுங்க, சென்னையில யாரு? வாங்குற ஆள் அமெரிக்காவுல இருக்கான். திருப்பி அனுப்ப இன்னொரு 4,000. தளத்துக்கு 10% கமிஷன். ஆக, என் 32,000 என் கைக்குத் திரும்ப வரணும்னா பொருள் 40,000-க்கு விக்கணும். 20,000 ரூபாய் பொருள் அங்க ரெண்டு மடங்கு ஏறினாத்தான் எனக்கு லாபம் பூஜ்யம்.

வருஷம் 6% விலை ஏறுதுன்னு தாராளமா வச்சுக்கிட்டாலும் ரெண்டு மடங்காக 12 வருஷம். அதே 32,000, பி.பி.எஃப்.ல இப்போ இருக்கிற 7.1% அப்படியே நீடிச்சா, 12 வருஷத்துல சுமார் 72,900. பி.பி.எஃப். பாஸ்புக்கை எலி கடிச்சாலும் பேங்க் போய் வேற வாங்கிக்கலாம்.

எலின்னு சும்மா சொல்லல. போசல் பச்சைத்தோல்னு சொன்னேன்ல, எலிக்கு அது சாப்பாடு. தீபாவளி லீவுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போய் பரண்ல வச்சேன். கார்த்திகையில வந்து பார்த்தா ரெண்டு போசல்ல முடிச்சைச் சுத்திக் கொறிச்சு வச்சிருக்கு. அடைமழை வேற. தோல் வாருல வெள்ளையாப் பூஞ்சை, இரும்புல துரு. வறண்ட ஊருக்குன்னு செஞ்ச பொருள் நம்ம ஐப்பசி மழையைத் தாங்குமா?

அப்புறம் இன்னொரு வேடிக்கை. உத்தரப்பிரதேசத்துல கான்பூர்ல செய்யுற சேணத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கு. சேணம், கடிவாளம்னு அங்க இருந்து பல நாடுகளுக்குப் போகுது. நான் 'அசல் அமெரிக்கப் பழசு'ன்னு டாலர் கொடுத்து வாங்கின ஒரு தலைவாரைத் துடைச்சுப் பார்த்தா உள்பக்கம் தேய்ஞ்சுபோன எழுத்து: மேட் இன் இந்தியா. கான்பூர்ல இருந்து கிளம்பி, கடல் தாண்டி, நாலு கை மாறி, வரி கட்டி அறந்தாங்கிக்கு வந்திருக்கு. ரயில்ல வந்திருந்தா ரெண்டு நாள்.

ஆவுடையார்கோவில்ல நின்னப்போ

எங்க ஊர்ல இருந்து ஆவுடையார்கோவில் கொஞ்ச தூரம்தான். பழைய பேர் திருப்பெருந்துறை. சின்ன வயசுல இருந்து போற கோவில். கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அரிமர்த்தன பாண்டியன், மதுரையில இருந்து தன் அமைச்சர் வாதவூரார் கிட்ட கஜானாப் பணத்தைக் கொடுத்து, கடற்கரையில வந்து இறங்கியிருக்கிற குதிரைகளை வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புறான். அவர் திருப்பெருந்துறையில குருவைப் பார்க்கிறார், பணம் முழுக்கக் கோவில் கட்டுறதுக்குப் போயிடுது. அவர்தான் மாணிக்கவாசகர். அரசன் குதிரை எங்கன்னு கேட்க, இறைவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிட்டு வர்றார்.

பக்திக் கதை. அதை நான் பணக்கணக்குக்கு இழுக்கிறதுக்கு அடியார்கள் மன்னிக்கணும். ஆனா அந்தக் கோவில் தூண்கிட்ட கல்லுல செதுக்கின குதிரையையும் அதோட கடிவாளத்தையும் பார்த்துக்கிட்டு நின்னப்போ எனக்கு அரசன் பக்கத்துல இருந்துதான் யோசனை போச்சு. அவன் குதிரைகளைப் பார்த்தான், பிடிச்சுது, லாயத்துல கட்டினான். ராத்திரி அதுங்க மறுபடி நரியாச்சு. அதோட விட்டுதா? ஏற்கெனவே லாயத்துல இருந்த அசல் குதிரைகளையும் கடிச்சுக் குதறிட்டு ஓடிச்சு.

என் லாயத்துலயும் நடந்தது அதேதான். கடிவாளத்துல போட்ட காசு மட்டும் போகல. நிறுத்தி வச்ச எஸ்.ஐ.பி.யில 27 மாசம், 1,35,000 ரூபாய் போகாம நின்னுபோச்சு. கார்டுல மிச்சம் வச்ச பாக்கிக்கு மாசம் 3.5% வட்டி, அதாவது வருஷத்துக்கு 42%, மேல ஜி.எஸ்.டி. எந்தப் பழம்பொருளாவது வருஷம் 42% ஏறுமா?

குதிரைக்குப் பணம் போட்டு ஏமாறுறது நம்ம பக்கத்துல புதுசும் இல்ல. 13-ம் நூற்றாண்டு கடைசியில பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வச்சிருக்கார்: இங்கத்து அரசர்கள் ஆளுக்கு ரெண்டாயிரத்துக்கும் மேல குதிரை வருஷா வருஷம் இறக்குமதி பண்றாங்க, வருஷக் கடைசியில நூறு கூட மிஞ்சுறதில்ல. குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிஞ்ச ஆள் இங்க கிடையாது. விக்க வர்ற வியாபாரிகள் அப்படிப்பட்ட ஆள் இந்தப் பக்கம் வந்துடாமப் பார்த்துக்கிட்டாங்களாம். குதிரை பிழைச்சா வியாபாரம் படுத்துடும்ல?

இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயிறும் எரிஞ்சுது. பொருளைப் பத்தின அறிவு முழுக்க விக்கிறவன் பக்கமே இருந்தா, வாங்குறவன் வருஷா வருஷம் வாங்கிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். எனக்குப் போசல் நல்லதா கெட்டதான்னு சொல்லிக்கொடுத்தவங்க எல்லாருமே எனக்குப் போசல் வித்தவங்க.

இருபது நிமிஷமும் ஆறு வாரமும்

இப்போ சொல்லத் தயங்கின பகுதி. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஸ்டென்ட் வைக்கணும், கையில 1,80,000 வேணும்னாங்க. கம்பெனி கொடுத்த மெடிக்கல் இன்ஷூரன்ஸ்ல நான் மட்டும்தான் இருந்தேன். பெத்தவங்களைச் சேர்க்க ஆகுற பிரீமியத்தை 'அடுத்த வருஷம் பார்க்கலாம்'னு தள்ளினதும் அந்த 27 மாசத்துக்குள்ளதான்.

எமர்ஜென்சி ஃபண்ட் 40,000 இருந்துச்சு. மீதிக்கு என் 'ஆல்டர்நேட்டிவ் இன்வெஸ்ட்மென்ட்'டை வித்துடலாம்னு பார்த்தேன். எனக்கு வித்த கடைக்காரர் ஒருத்தருக்கே போன் போட்டேன். இரும்பு, பித்தளை எல்லாம் சேர்த்து 22,000 தர்றேன்னார், தோல் சாமான் வேணவே வேணாம்னார். வெளிநாட்டுத் தளத்துல போட்டா ஏலம் முடிஞ்சு, பார்சல் போய்ச் சேர்ந்து, பணம் வர ஆறு வாரம். ஆஸ்பத்திரி ஆறு வாரம் காத்திருக்குமா?

அம்மா ஒண்ணும் பேசல. உள்ள போய் சங்கிலியைக் கழட்டி என் கையில கொடுத்தாங்க. புதுக்கோட்டை கீழ ராஜ வீதி பக்கம் ஒரு கிளையில நகைக் கடன். எடை பார்த்து, உரசிப் பார்த்து, கையெழுத்து வாங்கி, இருபது நிமிஷத்துல பணம் அக்கவுன்ட்ல. அப்பா இப்போ நல்லா இருக்கார், காலையில நடக்கப் போறார். சங்கிலியை மீட்க எனக்குப் பதினாலு மாசம் ஆச்சு. அந்தப் பதினாலு மாசமும் அம்மா மஞ்சக் கயிறோட இருந்தாங்க. கல்யாணம் காட்சிக்குப் போனா முந்தானையை இழுத்து மூடிக்குவாங்க.

தங்கம்தான் பெஸ்ட்டுன்னு சொல்ல வரலை, அதுக்குன்னு தனி வீடியோவே போட்டுத் திட்டு வாங்கியிருக்கேன். நான் பார்த்தது வேற. அந்தச் சங்கிலிக்கு எந்தத் தெருவுல போனாலும் இன்னைக்கு இன்ன விலைன்னு ஒரு ஆள் சொல்வான். என் கடிவாளத்துக்கு விலை சொல்ற ஆள் ரெண்டு கடல் தாண்டி இருந்தான்.

அதனால இப்போ யார் என்கிட்ட "இந்த வாட்ச் வாங்கலாமா, இந்த கேமரா வாங்கலாமா, விலை ஏறும்ல?"ன்னு கேட்டாலும் நான் ஒரே கேள்விதான் கேட்கிறேன். நாளைக்கே இதை உங்ககிட்ட இருந்து ரொக்கம் கொடுத்து வாங்கிக்கப் போற ஒரு ஆளோட பேரைச் சொல்லுங்க. பேர் வந்தா பேசலாம். "ஆன்லைன்ல நிறைய பேர் இருக்காங்க"ன்னு பதில் வந்தா அது ஆசைச் செலவு, வேற பேர் வேணாம். ஆசைச் செலவுக்குன்னு சம்பளத்துல ஒரு பங்கு ஒதுக்குங்க. நான் இப்போ 4% வச்சிருக்கேன், மாசம் முடியும்போது தீர்ந்துட்டா தீர்ந்துதான். ரொக்கம் மட்டும், இ.எம்.ஐ. கிடையாது. ஆறு மாசச் செலவுக்குப் பணமும் வீட்ல எல்லாருக்கும் மெடிக்கல் பாலிசியும் இருந்தா அந்த 4%-ஐ நிம்மதியாச் செலவு பண்ணலாம்.

"ப்ரோ, இதுலயே கோடி சம்பாதிச்சவங்க இருக்காங்களே?" இருக்காங்க. கார்சியா முத்திரையில எது அசல், எது பின்னாடி அடிச்சதுன்னு தடவிப் பார்த்தே சொல்ற ஆளுங்க. இருபது, முப்பது வருஷம் அதுலயே கிடந்தவங்க. அவங்க முதலீட்டாளர் இல்ல, வியாபாரி. அது ஒரு முழுநேர வேலை, ஆபீஸ் முடிஞ்சு ராத்திரி பதினோரு மணிக்குப் போன்ல தட்டுற வேலை இல்ல.

சட்டமும் ஒரு வார்த்தை, ஏன்னா ஊர்ல பழைய வீடுகள்ல இருந்து வர்ற சாமானை வாங்கி வெளிநாட்டுக்கு விக்கலாம்னு ரெண்டு பேர் ஐடியா கொடுத்தாங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேலான பழம்பொருளைத் தனி ஆள் நாட்டை விட்டு அனுப்பவே கூடாது. தெரியாம பண்ணிட்டேன்னு சொன்னா விட மாட்டாங்க. இங்கயே வித்து லாபம் வந்தா, அது சொந்த உபயோகப் பொருளா மூலதனச் சொத்தாங்கிறதைப் பொறுத்து வரி மாறும். மூலதனச் சொத்துன்னு ஆகி, 24 மாசத்துக்கு மேல வச்சிருந்தா 12.5%. ஆடிட்டர்கிட்ட கேட்டுக்குங்க. என் கேஸ்ல லாபமே இல்லாததால அந்தக் கவலை எனக்கு வரல.

பத்தொன்பதுல பன்னெண்டை வித்துட்டேன், ஒண்ணரை வருஷம் ஆச்சு. 3,40,000-ல கைக்கு வந்தது 61,000. தாத்தாவோட கடிவாளம் அதுல சேராது, அதுக்கு விலையும் நான் கேட்டதில்ல.

மிச்சத்துல எலி கடிச்ச போசல் ரெண்டும் இருந்துச்சு. எங்க பக்கம் எல்கைப் பந்தயம் நடக்கும்ல, மாட்டு வண்டியோட குதிரை வண்டியும் ஓடும். அதுக்குக் குதிரை வச்சிருக்கிற ஒரு பெரியவர்கிட்ட அதுல ஒண்ணை எடுத்துட்டுப் போய்க் காட்டினேன். பின்னலைத் தடவிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், வளைச்சுப் பார்த்தார்.

"நல்ல வேலைப்பாடு தம்பி. எம்புட்டுக்கு வாங்குனிய?"

சொன்னேன்.

"அட, அந்தக் காசுக்குக் குட்டியே ஒண்ணு பிடிச்சிருக்கலாமே!"

காசு வாங்காமக் கொடுத்துட்டு வந்தேன். போன மாசம் ஊருக்குப் போனப்போ அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு செவலைக் குட்டி, மூக்குல அந்தப் போசலோட தென்னந்தோப்புல வட்டம் சுத்திக்கிட்டு இருந்துச்சு. எலி கொறிச்ச இடத்துல நீலக் கலர் நைலான் கயிறைச் சுத்தி முடிச்சுப் போட்டிருந்தார்.